பின் சீட்டின் உயரம்

ஞாயிறு, காலை

அன்புள்ள இல்லத்தரசிக்கு,

நலம். நலமறிய ஆவல். நாலு மாதமாக இல்லத்தில் இல்லாதவரை இப்படி விளிக்கலாமா என்று யோசித்தேன். வேறு பட்டம் எதுவும் காலியாக இல்லாததால் இதையே வைத்துக்கொள்கிறேன்.

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இந்த வீட்டின் சார்பில் ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். புதிதாக வாங்கப்போகும் மோட்டார் சைக்கிளின் பக்கப் பெட்டிகள் இரண்டும் வெள்ளி நிறத்தில் இருக்காது; கறுப்பாக இருக்கும். கூட்டம் சாப்பாட்டு மேசையில் நடந்தது. வந்திருந்தவர் ஒருவர். முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் அவரே. எதிர்ப்பு இல்லை. இருபத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்த மேசையில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறிய முதல் தீர்மானம் இதுதான். நிறைவேறிய பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏன் புது வண்டி என்று நீ கேட்க மாட்டாய். கேட்டதாக வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். பழைய வண்டியை நம்முடைய 'பெரிய டாக்டர்' மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் காதை எஞ்சின்மேல் வைத்துக் கேட்டார். கண்ணை மூடினார். "இனிமே இதை உள்ளூர்ல ஓட்டலாம் சார். தூரம் போனீங்கன்னா இது உங்களைக் கொண்டு வராது, நீங்கதான் இதைக் கொண்டு வரணும்" என்றார். பத்தொன்பது வருடம், ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர். உதிரி பாகம் செய்கிற தொழிற்சாலையையே மூடிவிட்டார்களாம். டேங்கை ஒரு தடவை தடவிக்கொடுத்தார். ஆனாலும் பார்த்ததற்குக் கூலி வாங்கிக்கொண்டார்.

இப்போது கடைகளில் 'அட்வென்ச்சர் டூரிங்' என்று ஒரு இனம் வந்திருக்கிறது. சாகசப் பயணத்துக்கானதாம். விளம்பரத்தில் ஒரு ஆள் ஆற்றுக்குள் வண்டியை இறக்கி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அக்கரைக்குப் போகிறான். படத்தின் ஓரத்தில் ஒரு பாலம் தெரிகிறது. நான் புவியியல் வாத்தியார் என்பதால் எனக்கு மட்டும் அது கண்ணில் பட்டிருக்கலாம்.

மூன்று வண்டிகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன். கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர்கள் வாயில் நுழையவில்லை; நானே வைத்துக்கொண்டேன்.

ஒட்டகம்: நல்ல உயரம். எனக்குக் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் பின்னால் ஏறுகிறவர் ஏணி கொண்டுவர வேண்டும். கரடுமுரடான பாதையில் இதற்கு நிகர் இல்லை என்கிறார்கள். நிறுத்தும்போது இரண்டு காலும் தரையில் பட ஆசைப்படுகிறவர்கள் இதன் பக்கம் போகக் கூடாது.

எருமை: கனம். நேரான சாலையில் காற்றுக்கு அசையாது. சாய்ந்தால் தூக்க நாலு பேர் வேண்டும். நம் வயதில் நாலு பேர் தூக்குகிற விஷயங்களைத் தள்ளிப்போடுவது நல்லது.

கழுதை: மூன்றிலும் தாழ்ந்தது, எடையும் குறைவு. வேகம் சுமார். ஆனால் மிதமான வேகத்தில் நாள் முழுக்கப் போனாலும் முதுகு வலிக்காது. பெட்ரோல் டேங்க் பெரிது. குள்ளமானவர்களுக்கும் கால் எட்டும். எனக்குத்தான் முழங்கால் கைப்பிடியில் இடிக்கிறது.

உன் வலது முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரி லேப் படிக்கட்டில் விழுந்த பிறகு அதை மடக்கும்போது நீ முகம் சுளிப்பாய். அது எந்த உயரம்வரை ஏறும் என்று உன் தம்பியிடம் சொல்லி டேப் வைத்து அளந்து அனுப்பு. இது முழுக்கத் தொழில்நுட்ப விஷயம். வேறு எந்த நோக்கமும் இல்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று மச்சான் கேட்டான். போனில் நான் பேசுவேன், நீ கேட்டுக்கொண்டிருப்பாய். கடிதம் என்றால் பிடிக்காத இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அந்த வசதியை உனக்குக் கொடுக்க இத்தனை வருடம் தோன்றவில்லை.

வீட்டுச் செய்தி: சமையலறைக் குழாய் சொட்டுவதைச் சரிசெய்தேன். இப்போது வேறு இடத்தில் சொட்டுகிறது. பள்ளியில் அரையாண்டுத் தேர்வு முடிந்தது. ஒருவன், ஆறுகள் கடலில் உற்பத்தியாகி மலையில் கலக்கின்றன என்று எழுதியிருந்தான். கையெழுத்து அழகாக இருந்ததால் ஒரு மதிப்பெண் போட்டேன்.

நீ உன் தம்பி வீட்டுக்குப் போகக் காரணமான பெட்ரோல் பங்க் விஷயத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதுவதில்லை என்றும் கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது.

அளவை எதிர்பார்த்து,
வீட்டுக் குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர்.


மூன்று வாரம் கழித்து, வியாழன்

அன்புள்ள உனக்கு,

நலமா? அளவு வரவில்லை. மச்சானிடம் விசாரித்தேன். "அக்கா படிச்சா அத்தான். ரெண்டு தடவை படிச்சா. ஒண்ணும் சொல்லல. மடிச்சுப் பையில வச்சுக்கிட்டா" என்றான். கிழித்துப் போடாமல் மடித்து வைத்ததற்கு உரையாசிரியர்கள்போலப் பல பொருள் கண்டேன். எல்லாமே எனக்குச் சாதகமாக இருந்தன. அதனால் ஒன்றையும் நம்பவில்லை.

சனிக்கிழமை ஷோரூமுக்குப் போனேன். கண்ணாடிச் சுவர், பளபளவென்று தரை, வாசனை தெளித்த காற்று. சாகசத்துக்குப் புறப்படுகிறவர்கள் செருப்பைத் துடைத்துவிட்டு உள்ளே வர வேண்டும். விற்பனைப் பிரிவில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா இருந்தார். அவரே வண்டி ஓட்டுகிறவர்; முழங்கையில் தழும்பு இருந்தது. "பின்னாடி யாராவது உட்காருவாங்களா சார்?" என்று கேட்டார். மனைவி என்றேன். பின்னால் ஏறுகிறவரின் எடைக்குத் தகுந்தபடி ஸ்பிரிங்கை முறுக்க வேண்டுமாம். உன் எடை என்ன என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.

உயரமாவது சொல்லுங்கள் என்றார். என் தாடைக்குக் கீழே கையை வைத்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். "ஒரு தடவை கூட்டிட்டு வாங்க சார், அவங்களும் உட்கார்ந்து பார்க்கட்டும். பாதி வண்டி அவங்களோடதுதானே" என்றார். அவங்களுக்கு இந்த வாரம் வேலை ஜாஸ்தி என்றேன். இருபத்தொன்பது வருடமாக மாணவர்களின் பொய்களைத் திருத்திவருகிறேன். இவ்வளவு மட்டமான பொய்யை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பிறகு கழுதையை ஓட்டிப் பார்த்தேன். பின் சீட்டில் ஆள் இருந்தால் எப்படி இருக்கும் என்று தெரியட்டுமென்று அந்த அம்மாவே ஏறி உட்கார்ந்தார். அவர் ஏறிய அந்த நொடியில் வண்டி கீழே அமுங்கியது. கைப்பிடி லேசானது. இறங்கியபோது வண்டி நிமிர்ந்தது. ஒட்டகத்திலும் அப்படியே. எருமையில்கூட அப்படியே. கடைசியில், வீட்டுக்கு வந்து, நம் பழைய வண்டியின் பின் சீட்டில் கையை ஊன்றி அழுத்திப் பார்த்தேன். அதுவும் அமுங்கியது.

ஆக, பின்னால் ஆள் இருக்கிறதா இல்லையா என்று வண்டி சொல்லும். எந்த வண்டியும் சொல்லும். அதனால் எழுதுவதில்லை என்று முடிவெடுத்த விஷயத்தை எழுத வேண்டியதாகிவிட்டது.

நமக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஹெல்மெட் போட்டால் பேச்சு கேட்காது என்பதால் நீ ஏற்படுத்தியது. ஏறி உட்கார்ந்ததும் என் முதுகில் இரண்டு தட்டு, அப்படியென்றால் புறப்படலாம். வழி பிரிகிற இடத்தில் இடது தோளில் தட்டினால் இடது, வலது தோளில் தட்டினால் வலது. ஊருக்கெல்லாம் பூகோளம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாருக்குப் பத்தொன்பது வருடம் வழி சொன்னவள் நீ.

அன்று பங்க்கில் நீ முகம் கழுவப் போனாய். நான் பெட்ரோல் போட்டுவிட்டு, வண்டியைக் கிளப்பிப் போய்விட்டேன். திரும்பி வந்து உன்னிடம் என்ன சொன்னேன்? பின்னால் கட்டியிருந்த பையின் வார் காற்றில் ஆடி என் முதுகில் இரண்டு தரம் பட்டது, நீதான் தட்டினாய் என்று நினைத்தேன் என்றேன். உனக்கு அப்போதே தெரிந்திருக்கும். அந்த வாரை இழுத்துக் கட்டி, முனையைச் செருகி வைத்தவள் நீ. வார் என்னைத் தட்டவே இல்லை.

உண்மை இது: நான் உன் தட்டுக்காகக் காத்திருப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. நான் கிளட்சை விட்டு, வண்டி நகர்ந்த பிறகு, நீ ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து எனக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தாய். அன்று நீ ஏறவில்லை. அது மட்டும்தான் அன்றைக்குப் புதிது.

நாற்பத்தொரு கிலோமீட்டர் போனேன். சும்மாவும் போகவில்லை. செம்மண் ஏன் சிவப்பாக இருக்கிறது என்று தலையை லேசாகச் சாய்த்து உனக்கு விளக்கிக்கொண்டே போனேன். இரும்பு, மழை, வெயில் எல்லாம் விவரமாகச் சொன்னேன். பதில் வராததில் எனக்கு வித்தியாசமாக எதுவும் படவில்லை. பிறகு சாலை இரண்டாகப் பிரிந்தது. வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தேன். தோளில் தட்டு விழவில்லை. "தூங்கிட்டியா?" என்று கோபமாகக் கத்தினேன். அதற்கும் பதில் இல்லாதபோதுதான் திரும்பிப் பார்த்தேன்.

பிரிவுக்கு இலக்கணம் எழுதிய நம் முன்னோர்கள் எத்தனையோ வகை சொல்லியிருக்கிறார்கள். படிக்கப் பிரிவது, தூது போகப் பிரிவது, பொருள் தேடப் பிரிவது. எரிபொருள் போட்டுவிட்டுப் பிரிவது என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை. அவர்களுடைய தலைவன் எவ்வளவு கெட்டவனானாலும், பிரிந்துவிட்டோம் என்பதாவது அவனுக்குத் தெரிந்திருந்தது.

நான் திரும்பி வந்தபோது காற்றடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நீ ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தாய். பெட்ரோல் போட்ட பெண்மணி என்னைத் தனியே கூப்பிட்டு, "ரெண்டு மணி நேரமா இந்தம்மா ஹெல்மெட்டுக் கண்ணாடியத் தூக்கவே இல்ல சார். தண்ணி குடுத்தோம், அதையும் வாங்கல" என்றார். நீ என்னிடம் இரண்டே கேள்விகள் கேட்டாய். எங்கே போய்த் தெரிந்தது என்று கேட்டாய். ரோடு பிரிகிற இடத்தில் என்றேன். அதுவரைக்கும் தெரியலையா என்று கேட்டாய். தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பேனே என்றேன். தர்க்கப்படி சரியான விடை. முழு மதிப்பெண் போடலாம்.

நீ ஏறி உட்கார்ந்தாய். இரண்டு தட்டு தட்டினாய். அடுத்த வாரம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாய்.

போன கடிதத்தில் ஒரு பிழை திருத்தம். சாப்பாட்டு மேசையில் எதிர்ப்பில்லாமல் நிறைவேறிய முதல் தீர்மானம் என்று எழுதியிருந்தேன். தவறு. நீ எதிர்ப்பதை விட்டு ஏழெட்டு வருடம் இருக்கும். அதை நான் வெற்றி என்று கணக்கில் வைத்திருந்தேன்.

கழுதைக்கு முன்பதிவு செய்துவிட்டேன். உன் அளவு இல்லாமலே உனக்குத் தாழ்வான சீட்டு எது என்று எனக்குத் தெரிந்தது. அந்த மட்டிலும் ஆறுதல். எல்லோருக்கும் ஐந்து மாதம் காத்திருப்பு. யாரோ ஒருவர் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றதால் எனக்கு மாதக் கடைசியிலேயே கிடைக்கிறது. பழைய வண்டியைப் பெரிய டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். அதே இன வண்டிகள் இன்னும் இரண்டு அவரிடம் சிகிச்சையில் இருக்கின்றனவாம். உறுப்புகள் அவற்றுக்கு உதவும் என்றார். மறுநாளே பிரித்துவிட்டார்.

வண்டி வந்ததும் உன் ஊர்வரைக்கும் ஓட்டிக்கொண்டு வருகிறேன். மாடி ஏறி வர மாட்டேன். தெருவிலேயே நிற்கிறேன். நீ இறங்கி வந்து ஒரு தடவை உட்கார்ந்து பார். பிடிக்காவிட்டால் இறங்கிவிடு. எங்கேயும் போக வேண்டாம். எஞ்சினைக்கூட அணைத்தே வைத்திருக்கிறேன். தட்டு விழும்வரை நகர மாட்டேன்; விழாவிட்டால் நகரவே மாட்டேன், மச்சானுக்கு மட்டும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பது தொந்தரவாக இருக்கும்.

இப்படிக்கு,
எடை தெரியாதவன்.


மாதக் கடைசி, செவ்வாய்

அன்புள்ள உனக்கு,

நேற்று மச்சான் போன் செய்தான். எடுத்ததுமே "அத்தான், சாப்டீங்களா?" என்றான். காலை ஏழு மணிக்கு அப்படிக் கேட்கிறவன் ஏதோ மறைக்கிறான் என்று அர்த்தம். சாப்பிட்டேன் என்றேன். ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டேன் என்பதுபோன்ற குரலில், "அக்கா வண்டி ஓட்டக் கத்துக்கிட்டா அத்தான். போன வாரம் லைசென்ஸ் வந்துடுச்சு" என்றான்.

மூன்று மாதமாகத் தினமும் விடிந்ததும் மைதானத்தில் ஓட்டிப் பழகினாயாம். இரண்டு தடவை விழுந்தாயாம். இரண்டாவது தடவை நீயே வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, உதவ ஓடிவந்தவனைப் பார்த்துச் சிரித்தாயாம். இதைச் சொல்லும்போது மச்சானுக்குக் குரலில் பெருமை தாங்கவில்லை. பிறகு நான் கேட்டுக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்து அடக்கிக்கொண்டான்.

அடுத்த மாதம் இருபது நாள் லீவு போட்டிருக்கிறாயாம். கடற்கரையை ஒட்டிய சாலையில் கடைசிவரை. யாரோடு என்று கேட்டேன். "தனியாத்தான் அத்தான்" என்றான். அவ்வளவு மெதுவாக அவன் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

எந்த வண்டி என்று கேட்டேன். "கழுதைதான்" என்றான். கால் எட்டுகிற வண்டி அது ஒன்றுதானாம். "உங்க முதல் கடிதத்தைக் காட்டித்தான் அத்தான் என்கிட்டயே விளக்கினா. மூணு வண்டியையும் ஒப்பிட்டு எழுதியிருந்தது ரொம்ப உபயோகமா இருந்துச்சாம்" என்றான். நான் எழுதியவற்றில் உனக்கு உபயோகப்பட்டது ஒன்றாவது இருக்கிறது. இரண்டாவது கடிதத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஷோரூமில் உன்னிடம் ஐந்து மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். லீவைத் தள்ளிப்போட முடியாமல் நீ இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

பள்ளி முடிந்ததும் ஷோரூமுக்குப் போனேன். முன்பதிவை உன் பெயருக்கு மாற்றச் சொன்னேன். ஒரே கம்பெனி என்பதால் உன் ஊர்க் கிளைக்கே வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். அந்த அம்மா பெயரை அடித்து எழுதிவிட்டு, "அப்ப மேடம்தான் ஓட்டப்போறாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "நீங்க பின்னாடியா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். நன்றாகச் சிரிக்கிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

ஸ்பிரிங்கை என்ன எடைக்கு வைப்பது என்று மறுபடி கேட்டார். அதை அவங்களே சொல்லுவாங்க என்றேன்.

வெள்ளிக்கிழமை உனக்கு அங்கிருந்து போன் வரும். மறுக்காதே. இது பரிசும் இல்லை, பரிகாரமும் இல்லை. உனக்கென்று தேர்ந்தெடுத்த வண்டி உனக்கு வருகிறது. நீ எந்த சீட்டில் உட்காருகிறாய் என்பதில் மட்டும் நான் தப்புக்கணக்குப் போட்டுவிட்டேன். பெட்டிகளின் நிறம் பிடிக்காவிட்டால் அன்றே சொல்லிவிடு, மாற்றித் தருவார்கள். குழுவின் தீர்மானம் ரத்து செய்யப்பட்டது.

சில விஷயங்கள். ஐநூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை செயினுக்கு எண்ணெய் விடு. காலையில் புறப்படுவதற்கு முன்னால், டயர் சூடாகாதபோதே காற்றைச் சரிபார். பாலங்களின் மேல் பக்கவாட்டில் காற்று தள்ளும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதே, வண்டி தானே நிமிர்ந்துகொள்ளும். கடற்கரையில் சாலைமேல் மணல் பரவியிருக்கும் இடங்களில் பிரேக்கைத் தொடாதே. முழங்கால் வலித்தால் நிறுத்து. யாரும் உன்னை அவசரப்படுத்தப் போவதில்லை. வழியைப் பற்றி உனக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே மண் சிவப்பாக இல்லை, வெறும் மணல். அது ஏன் அப்படி என்று விளக்க எனக்குத் தெரியும். விளக்கவில்லை.

சாயங்காலம் எங்கே தங்கினாலும் மச்சானுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு. எனக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்கவில்லை. அவனிடம் நான் கேட்டுக்கொள்வேன். ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் கேட்க மாட்டேன்.

வெயிலும் காற்றும் உனக்கு அனுசரணையாக இருக்கட்டும். எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் கண் தெரியட்டும். நல்லபடியாகப் போய் வா.

இப்படிக்கு,
உன் கணவன்.

பி.கு.: மாதக் கடைசிவரைக்கும்தானே என்று இதுவரை பள்ளிக்கு ஆட்டோவில் போனேன்; நாளையிலிருந்து பஸ்ஸில் போகிறேன். ஏழு இருபதுக்கு ஒன்று இருக்கிறது.